பென்னிகுவிக்குக்கு யார் கான்கிரீட் சப்ளை பண்ணாங்க?

பீர்க்கன்கரணையில எங்க வீட்டு மாடி கான்கிரீட்டுக்கு அப்பா மூணு ரெடிமிக்ஸ் கம்பெனியில ரேட் கேட்டார். நான் கேட்டது, பிளான்ட் எங்க இருக்குன்னு மட்டும்தான். ஜி.எஸ்.டி. ரோட்டுல லாரி மாட்டினா கலவை வழியிலேயே இறுக ஆரம்பிச்சிடும். கடைசியில ரேட் கொஞ்சம் கூட இருந்தாலும் பக்கத்து பிளான்ட்டுக்கே அட்வான்ஸ் கொடுத்தோம்.

ஜான் பென்னிகுவிக்குக்கு அந்த வசதியும் இல்ல. 1841-ல் புனேயில் பிறந்த ராணுவப் பொறியாளர் அவர். 1887-ல் முல்லைப் பெரியாறு அணை வேலை தொடங்கியபோது சுற்றிலும் காடு, மழை, மலேரியா. போர்ட்லேண்ட் சிமெண்ட் அப்போ கப்பல்லதான் வரணும். அதனால மலையடிவாரத்துல, கூடலூர் பக்கம் குருவனூத்தில் கிடைச்ச சுண்ணாம்புக்கல்லையே எடுத்துக்கிட்டார். சாதா சுண்ணாம்பு தண்ணிக்குள்ள இறுகாது. சுட்ட செங்கல்லைப் பொடிச்ச சுர்க்கி சேர்த்தா இறுகும், ஆனா மெதுவா. அதுக்குள்ள ஆத்துல வெள்ளம் வந்தா? வந்துச்சு. கட்டினதை அடிச்சுக்கிட்டும் போச்சு. திரும்பவும் கட்டினார்.

சொந்த சொத்தை வித்துக் கட்டினார்னு எல்லாரும் சொல்வாங்க, அதுக்கு உறுதியான ஆதாரம் இல்ல. சுண்ணாம்புக் கதையே எனக்குப் போதும். 1895-ல் அணை திறந்தாங்க. 1911-ல் இங்கிலாந்தில் இறந்தார். தேனிப் பக்கம் ஜனவரி 15, அவர் பிறந்தநாளுக்கு, இன்னும் பொங்கல் வைக்கிறாங்க.