மான்றியல் நகரின் அன்னை ழான் மான்ஸ்

கனடா நாட்டின் மான்றியல் நகருக்கு இன்று வேலை தேடிச் செல்லும் நர்ஸ், கியூபெக் மாநிலச் செவிலியர் மன்றத்தின் உரிமத்தைப் பெற்றாக வேண்டும். பிரெஞ்சு மொழி தெரியும் என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். அந்நகரின் முதல் செவிலிக்கு மொழித் தொல்லை இல்லை. பிரெஞ்சு அவரது தாய்மொழி. உரிமம் வழங்கும் மன்றமும் அன்று இல்லை. ஏன், அவர் புறப்பட்டபோது அந்த நகரமே இல்லை! ஆயினும் தம் பணிக்கு அனுமதி பெற அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ழான் மான்ஸ் 1606-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லாங்ர் நகரில், வழக்கறிஞர் ஒருவரின் பெரிய குடும்பத்தில் பிறந்தார். அன்னையை இழந்தபின் தம்பி தங்கையரை வளர்க்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. அக்காலம் போர்க்காலம், கூடவே கொள்ளைநோயும் வந்தது. காயமுற்ற வீரர்களையும் நோயாளிகளையும் கவனித்துத்தான் அவர் செவிலித்தொழிலைக் கற்றார். கன்னியர் மடத்தில் சேரும் எண்ணம் அவருக்கு எழவில்லை. துறவற உடை அணியாமலே இறைவனுக்கு உழைக்க விரும்பினார்.

1640-இல், கனடாவில் நடைபெறும் மறைப்பணி பற்றி உறவினரான குரு ஒருவர் வாயிலாகக் கேள்வியுற்றார். அங்கே கியூபெக்கில் அகுஸ்தீன் சபைச் சகோதரிகள் முந்தைய ஆண்டே மருத்துவப்பணி தொடங்கியிருந்தனர். பெண்களும் போகலாம் என்றால் தாமும் போகலாமே என்ற ஆவல் ழானுக்குப் பிறந்தது. பாரீசுக்குச் சென்றார். அங்கே மதாம் தெ புல்லியோன் என்ற செல்வச் சீமாட்டி, புது நாட்டில் ஒரு மருத்துவமனை அமைக்கப் பொருள் தர முன்வந்தார். ஒரே ஒரு நிபந்தனை: கொடுத்தவர் பெயர் வெளியே தெரியக்கூடாது. பிறகு ழான், மரியன்னையின் பெயரால் மான்றியல் தீவில் ஒரு குடியேற்றம் அமைக்க முனைந்திருந்த பக்தர் சங்கத்தில் சேர்ந்து, 1641-இல் லா ரோஷேல் துறைமுகத்தில் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 34.

கியூபெக்கில் வரவேற்பு குளிர்ச்சியாகவே இருந்தது. மான்றியல் தீவு ஆபத்தானது, கியூபெக்கின் அருகிலேயே குடியேறுங்கள் என்று ஆளுநர் வற்புறுத்தினார். குழுவின் தலைவர் மேசோன்னேவ் இணங்கவில்லை. 1642 மே 17 அன்று, வீல் மரி என்ற பெயரோடு அச்சிறு குடியேற்றம் பிறந்தது. கோட்டைக்குள்ளேயே ழான் நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கினார். 1645-இல் தனிக்கட்டடம் எழுந்தது. அதுவே ஓத்தெல் தியூ. ஆண்டவரின் இல்லம் என்று பொருள். இரோகுவா மக்களோடு மூண்ட போரில் அம்பு தைத்தவர்களும் வெட்டுப்பட்டவர்களும் அங்கு வந்தனர். அந்த நிலம் யாருடையது என்ற கேள்வியை இன்று நாம் கேட்காமல் இருக்க முடியாது. அன்று வந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

1651-இல் நிலைமை முற்றியது. மருத்துவமனையில் தங்க முடியாமல் ழான் கோட்டைக்குள் ஒதுங்க நேர்ந்தது. மேலும் ஆள்கள் வராவிட்டால் எல்லாரும் ஊரைக் கைவிட வேண்டியதுதான். மருத்துவமனைக்கென்று மதாம் தெ புல்லியோன் அளித்த 22,000 லீவர் பணம் பிரான்சில் இருந்தது. அது நோயாளிகளுக்கான பணம். அதைச் சிப்பாய்களுக்குச் செலவிடலாமா? கொடுத்தவரிடம் கேட்டுப் பதில் பெறுவதென்றால் ஓராண்டு ஆகும். ஊரே அழிந்தால் மருத்துவமனை யாருக்கு என்று எண்ணிய ழான், நிலத்தை ஈடாகப் பெற்றுக்கொண்டு அப்பணத்தை மேசோன்னேவிடம் ஒப்படைத்தார். 1653-இல் அவர் ஏறத்தாழ நூறு ஆண்களோடு திரும்பினார். ஊர் பிழைத்தது. மான்றியலின் முதல் ஆசிரியை மார்கரீத் பூர்ஷுவா அம்மையாரும் அக்கப்பலிலேயே வந்தார். 1982-இல் புனிதர் பட்டம் பெற்றவர் இவரே. ழான் செய்தது சரியே என்பது என் எண்ணம். ஆனால் எல்லாரும் அப்படி எண்ணவில்லை.

1657-இல் பனியில் வழுக்கி விழுந்து அவரது வலக்கை முறிந்தது. சரியாகக் கூடாத கையால் எந்த வேலையும் செய்ய இயலவில்லை. தமக்குப்பின் மருத்துவமனையை நடத்த யாரேனும் வேண்டுமென்று பிரான்சுக்குச் சென்றார். பாரீசில் ஒலியே சுவாமிகளின் கல்லறையருகே செபித்தபோது, 1659 பிப்ரவரி 2 அன்று, கை மீண்டும் இயங்கிற்று. அதைப் புதுமை என்றே அவர் இறுதிவரை நம்பினார். புனித சூசையப்பர் மருத்துவச் சபையின் சகோதரிகள் மூவரோடு கப்பலேறினார். சான் ஆந்திரே என்ற அக்கப்பல் முன்பு போர்வீரர்களுக்கு மருத்துவமனையாக இருந்தது. சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை. நடுக்கடலில் காய்ச்சல் பரவிப் பலர் மடிந்தனர். சகோதரிகளின் பணி கப்பலிலேயே தொடங்கிவிட்டது.

கரை சேர்ந்ததும் வேறொரு புயல். புதிதாக வந்திருந்த ஆயர் லவால் ஆண்டகை, மருத்துவமனையைக் கியூபெக்கின் அகுஸ்தீன் சபையார் நடத்துவதே நலம் என்று கருதினார். இரு சபைகள் எதற்கு என்பது அவர் வாதம். தங்கள் சபையை விட்டு அச்சபையில் சேருமாறு மூவரையும் கேட்டார். அவர்கள் பணிவோடு மறுத்தனர். கடைசியில் அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அரசரின் அங்கீகாரப் பத்திரமோ 1669-இல்தான் வந்தது. அதற்குள், சகோதரிகளின் பிழைப்புக்கென்று வைத்திருந்த மூலதனமும், அதைப் பொறுப்பேற்றிருந்தவர் கடனாளியாக இறந்ததால் கரைந்துபோயிற்று. அவர்களது அறையில் கூரை இடுக்கு வழியே பனி கொட்டும்; காலையில் அதை வாரிக் கொட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். அந்த வீட்டில் 1662-இல், பதின்மூன்று வயதில் சேர்ந்த மரி மொரேன் என்ற சிறுமிதான், பின்னாளில் இவ்வரலாற்றை எழுதி வைத்தவர்.

ழானின் கடைசி ஆண்டுகள் அமைதியாகக் கழியவில்லை. அந்த 22,000 லீவருக்குக் கணக்குக் கேட்டு ஆயர் தரப்பிலிருந்து விசாரணை எழுந்தது. ஊரைக் காத்தவர் ஊரறியப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 1673 சூன் 18 அன்று அவர் ஓத்தெல் தியூவில் இறைவனடி சேர்ந்தார். அவர் விருப்பப்படி, ஊர் மக்களுக்கென அவரது இதயம் தனியே எடுத்து வைக்கப்பட்டது. பங்குக் கோவில் கட்டி முடியும்வரை அது மருத்துவமனைச் சிற்றாலயத்தில் இருக்கட்டும் என்றார்கள். 1695-இல் மருத்துவமனை தீக்கிரையானபோது அதுவும் எரிந்துபோயிற்று.

2012-இல் மான்றியல் மாநகராட்சி, மேசோன்னேவுக்குச் சமமாக ழான் மான்சையும் நகரின் நிறுவனர் என்று ஏற்றது. 2014-இல் திருத்தந்தை பிரான்சிசு அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.