அது காமெடி தான் என்றார் செகாவ்

ஆன்டன் செகாவ் பேரைச் சொன்னாலே பல பேருக்கு சிறுகதை தான் ஞாபகம் வரும். நான் இங்கே சொல்லப் போறது அவர் கடைசியா எழுதின நாடகத்தை வச்சு. பேரு 'செர்ரிப் பழத்தோட்டம்'. அது மேடை ஏறி 120 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா அது காமெடியா, ட்ராஜெடியா என்கிற சண்டை இன்னும் முடியல. இத்தனைக்கும் எழுதினவரே தெளிவா காமெடின்னு போட்டுத் தான் கொடுத்தார்! அப்புறம் ஏன் இந்தக் குழப்பம்? பதில் பாதி நாடகத்தில் இருக்கு, மீதி அவர் வாழ்க்கையில் இருக்கு.

செகாவ் பிறந்தது 1860-ல், அஸோவ் கடலோரத்தில் இருக்கும் தாகன்ரோக் என்ற ஊரில். அவருடைய தாத்தா ஒரு பண்ணையடிமை. அதாவது நிலத்தோடு சேர்த்து அதில் உழைக்கிற மனுஷங்களும் பண்ணையாருக்குச் சொத்து. அந்தத் தாத்தா கொஞ்சம் கொஞ்சமா காசு சேர்த்து, 1841-ல் தன் குடும்பத்தை விலை கொடுத்து மீட்டார். ரஷ்யாவில் சட்டப்படி அந்த முறை ஒழிஞ்சது 1861-ல் தான்.

அப்பா பாவெல் மளிகைக் கடை வச்சிருந்தார். ரொம்பக் கண்டிப்பு, தொட்டதுக்கெல்லாம் அடி. ஸ்கூல் விட்டு வந்ததும் பசங்க கடையில் உட்காரணும். 1876-ல் கடை திவால் ஆச்சு. கடனுக்காக ஜெயிலில் போட்டுடுவாங்கன்னு பயந்து அப்பா மாஸ்கோவுக்கு ஓடிட்டார். கொஞ்ச நாளில் குடும்பமும் பின்னாடியே போனது. அவங்க வீட்டிலேயே குடியிருந்த ஒருத்தர், குடும்ப நண்பர் தான், கடனை அடைச்சு அந்த வீட்டைத் தன் பேருக்கு மாத்திக்கிட்டார்.

ஸ்கூல் முடிக்கணும் என்பதால் 16 வயசு ஆன்டன் மட்டும் ஊரில் தங்கினார். தான் வளர்ந்த வீட்டிலேயே இப்போ இன்னொருத்தர் தயவில் இருக்க வேண்டிய நிலை. அந்தப் புது ஓனரின் சொந்தக்காரப் பையனுக்கே ட்யூஷன் எடுத்தார். மிச்சம் இருந்த வீட்டுச் சாமான்களை வித்து, கிடைச்ச காசை மாஸ்கோவுக்கு அனுப்பினார். நாம பிளஸ் ஒன் படிச்ச வயசு அது.

1879-ல் மாஸ்கோ போய் மருத்துவம் சேர்ந்தார். அப்பாவின் சம்பளம் எதுக்கும் பத்தல. அதனால அனாட்டமி படிச்சுக்கிட்டே, புனைபெயரில் நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு துணுக்குகளும் கதைகளும் எழுதித் தள்ளினார். வீட்டு வாடகை கட்டவும் தம்பி தங்கச்சி படிப்புக்கும் அந்தக் காசு தான் உதவியது. 1884-ல் டாக்டர் ஆனார். அதே வருஷம் இருமலில் ரத்தம் வந்தது. தன்னை விட்டுட்டு மத்தவங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போயிட்டார்.

1888-ல் புஷ்கின் பரிசு. 1890-ல் சைபீரியா முழுக்கக் கடந்து சகாலின் தீவுக்குப் போய், அங்கே இருந்த கைதிகளின் நிலைமையைக் கணக்கெடுத்தார். 1892-ல் கடன் வாங்கி மெலிகோவோ என்ற இடத்தில் ஒரு பண்ணை வாங்கினார். பண்ணையடிமையின் பேரன் இப்போ பண்ணைக்குச் சொந்தக்காரர்! அங்கே சும்மா உட்காரல. காலரா வந்தப்போ ஊர் ஊரா அலைஞ்சார், ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்த்தார், விவசாயிப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் கட்டினார்.

நாடக உலகம் மட்டும் அவரை முதலில் நல்லா அடிச்சது. 1896-ல் பீட்டர்ஸ்பர்க்கில் 'கடற்பறவை' முதல் காட்சி. அன்னைக்கு அது ஒரு பிரபல காமெடி நடிகைக்கான சிறப்பு நிகழ்ச்சி. வயிறு குலுங்கச் சிரிக்கலாம்னு வந்த கூட்டம், நாடகம் புரியாம கூச்சல் போட்டது. செகாவ் பாதியில் எழுந்து போய் ராத்திரியில் ஊரைச் சுத்தினார். இனிமே நாடகமே வேண்டாம்னு முடிவு பண்ணினார். ஆனா இரண்டே வருஷத்தில், 1898-ல், மாஸ்கோ கலை அரங்கம் அதே நாடகத்தைப் போட்டு பெரிய ஹிட் ஆக்கியது. அந்தப் பறவை தான் இன்னைக்கு வரை அந்த அரங்கத்தின் சின்னம்.

அந்த அரங்கத்துக்காக அவர் கடைசியா எழுதியது தான் 'செர்ரிப் பழத்தோட்டம்'. கதை சிம்பிள். ரானேவ்ஸ்காயா என்ற பண்ணையார் வீட்டு அம்மா கடனில் மூழ்கியிருக்காங்க. தோட்டம் ஏலத்துக்கு வரப் போகுது. லோபாகின் என்ற வியாபாரி ஒரு யோசனை சொல்றான்: மரங்களை வெட்டி, நிலத்தைப் பிரிச்சு, கோடைக்கால வீடுகளுக்கு வாடகைக்கு விடுங்க, தப்பிச்சுடலாம். அந்த அம்மாவும் அண்ணன் காயேவும் காதிலேயே வாங்கல. கடைசியில் ஏலத்தில் அதை எடுப்பது லோபாகினே தான். அவனுடைய அப்பாவும் தாத்தாவும் அதே பண்ணையில் அடிமையா இருந்தவங்க!

லோபாகின் வேஷத்தை ஸ்தனிஸ்லாவ்ஸ்கி பண்ணணும்னு செகாவ் ஆசைப்பட்டார். லோபாகின் கத்துற, முரட்டு வியாபாரி கிடையாது, மென்மையான மனுஷன்னு கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுதினார். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நிஜத்தில் பணக்கார வியாபாரிக் குடும்பத்துப் பையன். ஆனா அவர் தேர்ந்தெடுத்தது பண்ணையார் காயேவ் வேஷத்தை. நாடகத்தைப் படிச்சு அழுத அவர், இது ட்ராஜெடி தான்னு அடிச்சுச் சொன்னார்.

1904 ஜனவரியில், செகாவின் 44-வது பிறந்தநாள் அன்னைக்கு முதல் காட்சி. இடையில் அவரை மேடைக்கு அழைச்சு பாராட்டு விழா நடத்தினாங்க. நிக்கக்கூட தெம்பு இல்லாம இருமிக்கிட்டே நின்னார். நாடகத்தைப் பத்தி அவருக்கு பயங்கர வருத்தம். 12 நிமிஷத்தில் முடிய வேண்டிய கடைசி அங்கத்தை 40 நிமிஷம் இழுத்திருந்தாங்க. விளம்பரத்தில் காமெடின்னு போடாம டிராமான்னு போட்டதையும் அவரால் தாங்கிக்க முடியல.

விமர்சனங்களும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தன. அழியப் போகிற பண்ணையார் வர்க்கத்துக்கு ஒப்பாரின்னு சிலர் பார்த்தாங்க. புதுசா எதுவும் இல்லைன்னு கார்க்கி நினைச்சார். பண்ணையார் குடும்பத்தில் பிறந்த புனின், ரஷ்யாவில் முழுக்க முழுக்க செர்ரி மட்டும் இருக்கிற தோட்டமே கிடையாதேன்னு பின்னாளில் குறை சொன்னார். மாணவன் திரோஃபிமோவ் பேசுற இரண்டு இடங்களைத் தணிக்கை வெட்டியது. அதே மாணவனைப் புரட்சிக்குப் பிறகு புது ரஷ்யாவின் குரல்னு கொண்டாடினாங்க. 1911-ல் லண்டனில் போட்டப்போ நிறைய பேர் பாதியிலேயே எழுந்து போனாங்க.

எனக்கு என்ன தோணுதுன்னா, இவங்க எல்லாரும் நாடகத்தில் ஒரு கட்சியைத் தேடினாங்க. செகாவ் எந்தக் கட்சியிலும் இல்லை. வீட்டை இழந்த குடும்பத்துப் பையனும் அவர் தான், பண்ணையை வாங்கின அடிமையின் பேரனும் அவர் தான். ரானேவ்ஸ்காயாவின் வலியும் தெரியும், அந்த அம்மாவின் அசட்டுத்தனமும் தெரியும். லோபாகினின் சந்தோஷம் புரியும், ஜெயிச்ச பிறகு அவனுக்கு ஏன் அழுகை வருதுன்னும் புரியும். இரண்டு பக்கமும் நின்னவருக்குத் தான் இரண்டு பேரையும் பார்த்து அன்போட சிரிக்க முடியும்.

முதல் காட்சி நடந்து ஆறு மாசத்தில், 1904 ஜூலையில், ஜெர்மனியின் பாடன்வைலர் ஊரில் காசநோய் அவரைக் கொண்டு போனது. டாக்டர் கொடுத்த ஷாம்பெயினைக் குடிச்சுட்டு அமைதியா கண் மூடினார். உடல் ஊர் திரும்பியது சிப்பி மீன் ஏத்துற குளிர்பதன ரயில் பெட்டியில். அவர் கதையிலேயே வர மாதிரி ஒரு முடிவு, சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல.

வீட்டில் முதல் டிகிரி வாங்கப் போறவங்க நம்மில் நிறைய பேர் இருக்கோம். செமஸ்டர் லீவில் இந்த நாடகத்தை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. லோபாகின் ஏலத்தை முடிச்சுட்டு வர இடத்தில் நீங்க சிரிச்சீங்களா, அழுதீங்களான்னு எனக்கும் சொல்லுங்க.