சீமையில் இராமாநுஜனின் முதல் வாரங்கள்

பிள்ளைகளை அயல்நாட்டிற்கு அனுப்பிக் கல்வி பயிற்றவேண்டும் என்னும் விருப்பம் இக்காலத்தில் நம் குடும்பங்கள் பலவற்றில் எழுந்துள்ளது. பொருளுக்கு வழி யாது, எக்கலாசாலையில் இடம் கிடைக்கும் என்னும் இரண்டையும் பெற்றோர் நன்கு ஆராய்கின்றனர். போய் இறங்கியபின் அவர்களை எதிர்கொள்வார் யாவர், உண்பது எங்கே, உறங்குவது எங்ஙனம் என்பவற்றை ஆராய்வோர் மிகச் சிலரே. பின்னது முன்னதினும் தாழ்ந்ததன்று என்பதைக் கணித மேதை சீநிவாச இராமாநுஜனின் சரித்திரம் நமக்குத் தெளிவாக உணர்த்துகின்றது.

இராமாநுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதம் ஒன்றிலேயே மனம் பதிந்தமையால் ஏனைய பாடங்களில் தவறிக் கல்லூரிப் பரீட்சையில் தேறாது போனார். 1912-ல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1913 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தைக் கண்டு வியந்த கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஹார்டி, அவரை அங்கே வருவிக்க விழைந்தார். ஆயினும் கடல் கடத்தல் குலாசாரத்திற்கு மாறு என்ற தடை குறுக்கே நின்றது. 1914-ன் தொடக்கத்தில் சொற்பொழிவாற்றச் சென்னைக்கு வந்த நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் கணிதர் அவரோடு பழகி அன்பு பூண்டார். இறுதியில் அன்னையாரும் இசைந்தார். சென்னைச் சர்வகலாசாலை ஆண்டொன்றுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. அதனின்று மாதம் 60 ரூபாய் தம் பெற்றோர்க்குச் சேருமாறு இராமாநுஜன் ஏற்பாடு செய்தார். தாம் குடிபுகும் நாட்டின் செலவை அறியாமுன்னரே பெற்ற கடனை நினைத்த பிள்ளை அவர்!

பயணத்திற்கு முன் குடுமி களையப்பட்டது. மேனாட்டு உடையும் பூட்ஸும் வந்தன. அக்கோலத்தைக் காணலாகாதென்று அன்னையும் மனைவியும் முன்னரே கும்பகோணம் அனுப்பப்பட்டனர். மார்ச்சு 17-ல் நெவாசா என்னும் கப்பல் சென்னையை விட்டது. ஏப்ரல் 14-ல் அவர் லண்டன் சேர்ந்தார்.

அங்கே துறையில் நெவில் மோட்டார் வண்டியோடு காத்திருந்தார். கிராம்வெல் வீதியில் இந்திய மாணாக்கர் தங்கும் விடுதியிற் சில நாட்கள் கழிந்தன. 18-ம் தேதி கேம்பிரிட்ஜ் சேர்ந்து, நெவிலின் இல்லத்திலேயே சில வாரங்கள் தங்கினார். நெவிலின் மனைவியாரும் அவரைப் பரிவோடு பேணினார். ஹார்டி முதலியோர் செருக்கற்ற அன்பினர் என்று ஊருக்கு மகிழ்ந்து எழுதினார். சூன் மாதத்தில், வேலைக்கு வசதியாக, டிரினிடி கல்லூரி அறைக்கு மாறினார். பூட்ஸ் காலைக் கடித்தது. கல்லூரிப் போஜன சாலையில் ஊன் கலக்குமென்று அஞ்சித் தம் அறையிலேயே தனித்துச் சமைத்து உண்டார்.

அவர் இரவில் குளிரால் வருந்துவதை ஒரு நாள் நண்பர் மகலாநோபிஸ் அறிந்தார். மேலங்கியை அணிந்தவாறே உறங்கியும் குளிர் நீங்கவில்லையாம். நண்பர் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. மேல்விரிப்பின்கீழ் இறுக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. எண்களின் மறைபொருளையெல்லாம் கண்டவர், கம்பளியின்மேற் கிடந்தே குளிரால் நடுங்கினார்! கேட்க நாணுவோர்க்குக் கேளாமலே சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும்.

அவ்வாண்டு ஆகஸ்டில் மகாயுத்தம் மூண்டது. காய்கறிகள் அரிதாயின, தனிமையும் பெருகியது. 1917-ல் நோய் பற்றியது. 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர் பதவியும் டிரினிடி கல்லூரிப் பெல்லோ பதவியும் கிடைத்தன. 1919-ல் நலிந்த உடலோடு திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் தம் 32-ம் வயதில் சென்னையிற் காலமானார்.

கடல் கடந்தமைக்குப் பிராயச்சித்தமாக அவரை நம் கரையிலுள்ள இராமேசுவரத்திற்கு அழைத்துவர அன்னையார் எண்ணியிருந்தார். நோய் அதற்கு இடங்கொடுக்கவில்லை. சுத்தி நிகழவில்லையென்று சுற்றத்தார் பலர் ஈமச் சடங்கிற்கும் வரவில்லை. உலகம் தலைவணங்கிய ஒருவர்க்குத் தம் குலத்தவர் செய்த மரியாதை இது!

காரங்காட்டுக் கடலோரத்தில் வாழும் நமக்குக் கடல் தீட்டன்று, சோறிடும் தாய். ஆதலின் அப்பிழை நம்மிடம் நேராதென்று நாம் இறுமாந்திருத்தல் ஆகாது. சென்ற பிள்ளையை மறத்தலும், மாறி வந்தவனை ஏளனம் செய்தலும் அதே பிழையின் வேறு உருவங்களே. சங்கம் பொருளுதவி புரிவது நன்று. அயலூரில் வாழும் நம்மவர், புதிதாய் வரும் பிள்ளைக்கு நெவில்போல் எதிர்நின்று, மகலாநோபிஸ்போல் படுக்கையையும் பார்த்துவருவார்களாயின், அது அதனினும் நன்று. திரும்பி வருவோரை எக்கேள்வியுமின்றித் தழுவிக்கொள்வது எல்லாவற்றினும் நன்று.