உரிமை கோரப்படாத கதிர்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் எமது மக்கள் வழங்குவர். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, அப்பகுதியில் மரத்திலிருந்து விழுந்து கைமுறிந்தவரும், வாரக்கணக்கில் இருமியவரும் படகுப் பாதையில் ஏறியே நகரத்து வைத்தியசாலையை நாடினர். காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் செல்லும் பஸ்களில் எக்ஸ்றே உறையை மடியில் வைத்தபடி வீடு திரும்புவோரை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். அவ்வுறைக்குள் இருந்த படத்திற்கு வழிசமைத்த மனிதர் வில்ஹெல்ம் கொன்ராட் றொன்ட்ஜன்.

1845ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி ஜேர்மனியின் லெனெப் என்ற ஊரில் பிறந்த றொன்ட்ஜன், நெதர்லாந்தில் வளர்ந்தவர். ஆசிரியர் ஒருவரைக் கேலிசெய்து சக மாணவன் வரைந்த சித்திரத்திற்காக, அவனைக் காட்டிக்கொடுக்க மறுத்துப் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டார். பாடசாலைச் சான்றிதழ் இல்லாமலே சூரிச் நகரில் பயின்று 1869இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். சான்றிதழ் இல்லாமையைக் காரணங்காட்டி அவருக்கு விரிவுரையாளர் தகுதியை மறுத்த வூர்ட்ஸ்பேர்க் பல்கலைக்கழகமே 1888இல் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

அங்கேதான் 1895 நவம்பர் 8ஆம் திகதி மாலை, கறுப்பு அட்டையால் மூடிய மின்னிறக்கக் குழாயை இருட்டறையில் இயக்கியபோது, சற்றுத் தொலைவிலிருந்த இரசாயனம் பூசிய திரையொன்று ஒளிர்வதைக் கண்டார். எவரிடமும் வாய்திறவாது பல வாரங்கள் ஆய்வுகூடத்திலேயே கழித்தார். டிசம்பர் 22ஆம் திகதி மனைவி பேர்த்தாவின் கையைப் படமெடுத்தபோது விரலெலும்புகளும் மோதிரமும் தெளிவாகப் பதிந்தன. சுண்ணாம்புச் சத்துள்ள எலும்பு கதிரைக் கூடுதலாக உறிஞ்சுவதால் வெண்மையாகவும், காற்று நிறைந்த நுரையீரல் கருமையாகவும் படத்தில் தோன்றும். நுரையீரலில் காசநோய் படிந்தால் அக்கருமையில் வெண்திட்டுகள் தெரியும். எனினும் சளிப் பரிசோதனையே நோயை உறுதிசெய்யும். படம் சந்தேகத்தை எழுப்புமேயன்றித் தீர்ப்பு வழங்காது என்பதை எமது மக்களிற் பலர் இன்றும் உணரவில்லை. முறிவு நெறிவு வைத்தியரிடம் செல்பவர்கூட முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நன்று என்பது எமது அபிப்பிராயம்.

ஆய்வறிக்கை வெளியான சில வாரங்களிலேயே வைத்தியர்கள் எலும்பு முறிவுகளையும் உடலில் தங்கிய உலோகத் துண்டுகளையும் இக்கதிரால் கண்டறியத் தொடங்கினர். ஆபத்து பின்னரே புரிந்தது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கதிர்க்காயங்களால் கைகளை இழந்து 1904இல் இறந்தார். இன்று கர்ப்பிணியா என வினவுவதும் ஈயக் கவசம் அணிந்து பணிபுரிவதும் இத்தகைய இழப்புகளின் பின்னர் வந்த பாடங்களே.

றொன்ட்ஜன் விரும்பியிருந்தால் பெருஞ்செல்வராகியிருக்கலாம். அவரோ காப்புரிமை கோரவில்லை. அதனாலேயே எந்த நாட்டு வைத்தியரும் எவருக்கும் உரிமைப்பணம் செலுத்தாமல் இக்கதிரைப் பயன்படுத்த முடிந்தது. கண்டுபிடிப்பிலும் பார்க்க இதுவே பெரியதென நாம் கருதுகின்றோம். 1901இல் பௌதிகவியலுக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. பரிசுப் பணத்தைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். பிரபுப் பட்டத்தையும் ஏற்க மறுத்தார்.

முதலாம் உலகப் போரின் பின்னர் ஜேர்மனியைத் தாக்கிய பணவீக்கத்தில் அவரது சேமிப்பு கரைந்தது. 1919இல் மனைவியை இழந்த றொன்ட்ஜன், 1923 பெப்ரவரி 10ஆம் திகதி மியூனிக் நகரில் குடற்புற்றுநோயால் காலமானார். அவரது விருப்பப்படியே, ஆய்வுக் குறிப்புகளும் கடிதங்களும் எரிக்கப்பட்டன.