யாழ்ப்பாணத்தில் ஒரு கிறிஸ்துமஸ் இரவு
அர்ச். யோசேப்பு வாஸ் சரித்திரம்



ஆகமன காலம் வந்ததும் நமது குடும்பங்களில் இருவிதமான பேச்சு எழும்புகிறது. வசதியுள்ள வீட்டில் புத்தாடை, பலகாரம் என்ற பேச்சு. வருமானம் நின்றுபோன வீட்டிலும், நோயாளி படுத்திருக்கும் வீட்டிலும், இவ்வருஷம் நமக்கேது திருநாள் என்ற பெருமூச்சு. அப்படிப் பெருமூச்சுவிடும் குடும்பங்களை நினைத்தே, இலங்கையின் அப்போஸ்தலராகிய அர்ச். யோசேப்பு வாஸ் குருவானவரின் சீவியத்தை இவ்வாரம் எழுதுகிறோம்.

இவர் 1651ஆம் வருஷம் ஏப்ரல் 21ந் தேதி கோவா நாட்டில் பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். பக்தியுள்ள தாய் தகப்பன், ஆறு பிள்ளைகள் உள்ள வீடு. அதில் இவர் மூன்றாவது பிள்ளை. 1676ல் குருப்பட்டம் பெற்றார். கன்னட தேசத்தில் சிலகாலம் ஆத்தும இரட்சணிய வேலை செய்தபின், கோவாவில் அர்ச். பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைப் பின்பற்றிய குருக்கள் சபையை நிலைநாட்டினார். ஆயினும் அவர் மனம் இலங்கையையே நாடி நின்றது.

அதற்குக் காரணம் உண்டு. 1658ல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைவசமாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் யாவரும் துரத்தப்பட்டார்கள். கோவில்கள் பறிபோயின. ஒரு குருவுக்கு வீட்டில் இடங்கொடுத்தால் மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. ஏறக்குறைய முப்பது வருஷகாலம் அந்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குப் பூசையுமில்லை, பாவசங்கீர்த்தனமுமில்லை. வேதத்தைக் காப்பாற்றியவை வீடுகளே. தாய்மார் பிள்ளைகளுக்கு மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை செய்தார்கள்.

இந்த மந்தையைத் தேடியே வாஸ் சுவாமியார் 1686ல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். யுவான் என்னும் பிரமாணிக்கமுள்ள ஊழியன் ஒருவனே துணை. தூத்துக்குடியில் தமிழ் படித்து, குருவின் அங்கியைக் களைந்துவிட்டு, கூலிக்காரனைப்போல் உடுத்தி, 1687ல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்ததும் கடுமையான வயிற்றுக்கடுப்பு கண்டு சாகுந்தறுவாயில் கிடந்தார். இரக்கமுள்ளவர்களின் உதவியால் பிழைத்தெழுந்து, கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாய்ப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டு எவர் முகம் மலர்ந்ததோ அவர் கிறிஸ்தவர் என்று அறிந்துகொண்டார். இவ்விதமாகவே சிதறிப்போன மந்தை தன் மேய்ப்பனைக் கண்டது. சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலமாயிற்று. அங்கிருந்து இராக்காலங்களில் ஊரூராய்ப் போய் ஞானஸ்நானங் கொடுத்து, பூசை செய்து, விடியுமுன் திரும்புவார்.

1689ஆம் வருஷம் கர்த்தர் பிறந்த திருநாள் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய முந்நூறு கத்தோலிக்கர், ஆண்களும் பெண்களுமாக, இரவுப் பூசைக்கென்று இரகசியமாய்க் கூடினார்கள். பிடிபட்டால் என்ன நேரிடும் என்பதை அறியாதவர் அவர்களில் ஒருவருமில்லை. அப்படியிருந்தும் வந்தார்கள். ஒல்லாந்தச் சேவகர் உள்ளே புகுந்து எல்லாரையும் சிறைபிடித்தார்கள். வாஸ் சுவாமியார் மட்டும் அவர்கள் கைக்கு அகப்படவில்லை. மறுநாள் விசாரணையில் பெண்கள் விடுவிக்கப்பட்டார்கள்; ஆண்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஒல்லாந்தர் சபையை விட்டுக் கத்தோலிக்க வேதத்துக்கு வந்திருந்த எட்டுப்பேர் கொடூரமாய் அடிக்கப்பட்டார்கள். ஒருவர் அந்த அடியாலேயே உயிர்விட்டார். மற்ற ஏழுபேருக்கும் ஆயுள் முழுதும் கடின வேலை என்று தீர்ப்பாயிற்று.

அந்தத் திருநாளன்று அந்த எட்டு வீடுகளும் எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். தகப்பன் திரும்பி வராத வீடு. அடுப்பெரிக்கவும் மனமில்லாத வீடு. ஆயினும் யாழ்ப்பாணத்தில் விசுவாசம் அணைந்துபோகவில்லை. கத்தோலிக்கர் இன்றளவும் அங்கே பாலன் பிறப்பைக் கொண்டாடி வருகிறார்கள்.

சுவாமியாரும் சோர்ந்துபோகவில்லை. புத்தளம் வழியாய் 1692ல் கண்டி இராச்சியம் சேர்ந்தார். அங்கே வேவுகாரன் என்று சந்தேகிக்கப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அக்காவலிலும் சிங்களம் படித்து, சிறு குடிசையில் பீடம் அமைத்துப் பூசை செய்தார். 1697ல் கண்டியில் வைசூரி பரவி, அரசனும் ஜனங்களும் ஊரைவிட்டு ஓடினபோது, அவரும் அவர் மருமகனாகிய கர்வாலியோ குருவானவரும் பின்தங்கி, சாதி சமயம் பாராமல் நோயாளிகளைப் பராமரித்து, இறந்தவர்களை அடக்கஞ் செய்தார்கள். புத்த சமயத்தவரான இரண்டாம் விமலதர்மசூரிய அரசன் இதைக் கண்டு, வேதத்தைத் தடையின்றிப் போதிக்க அவருக்கு இடங்கொடுத்தான். இலங்கையில் இருபத்துநாலு வருஷம் உழைத்து, கோவாவுக்குத் திரும்பாமலே, 1711ஆம் வருஷம் ஜனவரி 16ந் தேதி கண்டியில் மரித்தார். 2015ல் கொழும்பு நகரில் பிரான்சிஸ் பாப்பரசர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் சூட்டினார்.

தாய் தகப்பன்மாரே, ஒல்லாந்தரின் கொடுமையை நினைத்துப் பகை பாராட்டுவதற்காக இதை எழுதவில்லை. அக்காலத்துப் பகை அக்காலத்தோடு போகட்டும். நாம் கற்கவேண்டியது வேறு. விளக்கும் வெடியும் பலகாரமும் நல்லவைதான். கிடைத்தால் சர்வேசுரனுக்கு நன்றி சொல்லி அனுபவிக்கலாம். ஆனால் திருநாள் அவற்றில் இல்லை. பெத்லேம் குடும்பத்துக்கும் அன்றிரவு சத்திரத்தில் இடமில்லை.

ஆகையால் இவ்வருஷம் கையில் காசில்லாத வீட்டார் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்துவிட வேண்டாம். இருக்கிற துணியைத் துவைத்து உடுத்தி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடுச்சாமப் பூசைக்கு வாருங்கள். முந்தின இரவு எல்லாரும் ஒன்றாய் முழந்தாளிட்டு ஒரு செபமாலை செய்யுங்கள். வசதியுள்ளவர்கள் தங்கள் பலகாரத்தில் ஒரு பங்கை அடுத்த வீட்டுக்குப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புங்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் உயிரைப் பணயம் வைத்துத் தேடிய பூசை, நமக்குக் கோவில் மணியடித்துக் கூப்பிட்டுக் கிடைக்கிறது. அதை அசட்டை செய்யாதிருப்போமாக.