சேலத்தில் பர்மாவைக் கட்டிய திருச்செங்கோட்டார்

திரைப்படம் என்றால் கோடம்பாக்கம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். நாமக்கல்லிலிருந்து பேருந்தில் ஏறினால் எட்டிவிடும் தொலைவில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், ஒரு முழுமையான படத் தொழிற்சாலை நாற்பதாண்டுகளுக்கு மேல் இயங்கியது என்பதை நம் வகுப்புத் தோழர்களில் எத்தனை பேர் அறிவர்? அதை உருவாக்கியவர் நம் திருச்செங்கோட்டில் பிறந்தவர் என்பதை அறிந்தோர் அதனினும் குறைவு. மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம் அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

அவரைப் பற்றி எழுதப் புகுவோர் அவர் வாய்ப்பளித்த நடிகர்களையும் கவிஞர்களையும் வரிசைப்படுத்துவது வழக்கம். நான் அவ்வழி செல்லவில்லை. கல்லூரித் தமிழ் மன்ற நாடகங்களுக்கு மூன்று ஆண்டுகளாகப் பின்திரை எழுதி வருபவன் நான். ஆகவே நடிகருக்குப் பின்னால் நிற்கும் சுவரும் மலையுமே என் கண்ணில் முதலில் படும். அந்தக் கண்ணோடு பார்க்கும்போது, திரு. சுந்தரம் அவர்களின் வாழ்க்கை, இல்லாத ஊர்களைச் சேலத்து மண்ணில் கட்டி எழுப்பிய ஒருவரின் வாழ்க்கையாகத் தெரிகிறது.

1907ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள் அவர் பிறந்தார். திருச்செங்கோடு அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். தந்தையார் ராமலிங்க முதலியார், செல்வம் படைத்த நூல் வணிகர். மகனை நெசவுத் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தில் உள்ள லீட்ஸ் நகருக்கு அனுப்பினார்கள். குடும்பத் தொழிலைப் பெருக்குவான் என்ற எதிர்பார்ப்பு இருந்திருக்கும். அவரோ பட்டத்தோடு கிளாடிஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணியையும் மணம் செய்துகொண்டு திரும்பினார். அன்றைய சேலத்தில் அது எவ்வளவு பேச்சுக்கு இடமளித்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவர் திரும்பி வந்த காலத்தில்தான் தமிழ்ப்படம் பேசத் தொடங்கியிருந்தது. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அது எடுக்கப்பட்டது பம்பாயில். ஒலிப்பதிவு செய்யும் படப்பிடிப்பு நிலையம் ஒன்றுகூட அப்போது தமிழகத்தில் இல்லை. ஆகவே நாடகக் கம்பெனியை அப்படியே ரயிலேற்றி, பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ கொண்டுபோய், வாடகை நிலையத்தில் படம் எடுத்துத் திரும்புவார்கள். சேலத்தில் எஸ். எஸ். வேலாயுதம் பிள்ளை நடத்திய ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தில் சுந்தரம் பங்காளியாகச் சேர்ந்தபோது, அந்தப் படங்களும் அவ்வாறே கல்கத்தாவில்தான் எடுக்கப்பட்டன. 1934இல் வந்த 'திரௌபதி வஸ்திராபகரணம்' அவற்றுள் ஒன்று.

வாடகை நிலையத்தில் நாளுக்கு இவ்வளவு என்று பணம் ஓடிக்கொண்டிருக்கும். அங்குள்ள தச்சர் அமைத்துத் தரும் அரண்மனையில்தான் நம் அரசன் நடிக்க வேண்டும். தூண் எப்படியிருக்க வேண்டும், கோபுரம் எப்படியிருக்க வேண்டும் என்று சொல்லிப் புரியவைக்க மொழியும் கைகொடுக்காது. கல்கத்தாவுக்குச் செலவழிக்கும் பணத்தில் சேலத்திலேயே நிலையம் கட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியதற்குக் கணக்குப் புத்தகம் ஒரு காரணம் என்றால், இந்தத் தூணும் கோபுரமும் இன்னொரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1935இல் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஏற்காடு செல்லும் சாலையில் இடம். முதல் படமான 'சதி அகல்யா' 1937இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' இங்கே உருவாயிற்று. கேரளத்தின் முதல் பேச்சுப்படம் சேலத்தில் எடுக்கப்பட்டது என்றால் நண்பர்கள் சிலர் இன்றும் நம்ப மறுக்கிறார்கள். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, படம் கழுவும் கூடம், தச்சுப் பட்டறை, ஓவியப் பிரிவு, உடை தைக்கும் பிரிவு, எல்லாம் ஒரே மதிலுக்குள். ஜெர்மனியிலிருந்து ஒளிப்பதிவாளர்களையும் வரவழைத்து வைத்துக்கொண்டார். வேலைக்கு வருவோர் மாதச் சம்பளக்காரர். ஆலையில் நெசவாளி வருவது போல நேரத்துக்கு வர வேண்டும். லீட்ஸில் கற்ற ஆலை நிர்வாகம் வீண்போகவில்லை.

இங்கே காட்சி அமைப்பு என்னும் தொழிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நாடக மேடைக்கு எழுதப்பட்ட படுதாக்கள் வந்தது பார்சி நாடகக் கம்பெனிகளின் வழியே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். தெரு, தர்பார், நந்தவனம், காடு, சிறைச்சாலை என்று ஐந்தாறு படுதாக்கள் இருந்தால் ஒரு கம்பெனி எந்த நாடகத்தையும் போட்டுவிடலாம். அரிச்சந்திரன் நின்ற காட்டிலேயே மறுநாள் வள்ளி தினைப்புனம் காப்பாள். காடாத் துணியை மூங்கிலில் இழுத்துக் கட்டி, வஜ்ஜிரம் காய்ச்சிச் சுண்ணப்பொடியில் கலந்து பூசி, காய்ந்தபின் வண்ணம் தீட்டுவது முறை. நானும் ஏறக்குறைய அதையே செய்கிறேன். மேடையில் அது போதும், ஏனென்றால் பார்ப்பவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

காமிரா அப்படி உட்காராது. நெருங்கி வரும், பக்கவாட்டில் நகரும். ஆகவே நடிகர் கை படும் இடம்வரை மரச்சட்டம், சாக்குத்துணி, பிளாஸ்டர் ஆப் பாரிஸ் கொண்டு உண்மையாகவே கட்ட வேண்டும். அதற்கு அப்பால் உள்ளதை அளவு குறைத்துக் கட்ட வேண்டும். அதற்கும் அப்பால் உள்ள மலையையும் வானத்தையும் துணியில் எழுத வேண்டும். தூரம் செல்லச் செல்ல நிறம் வெளிற வேண்டும், விளிம்பு மங்க வேண்டும். அடிவானக் கோடு காமிராவின் கண் உயரத்தில் இருக்க வேண்டும். சற்றே ஏறினாலும் தரை சுவர்போல எழுந்து நிற்கும். மேலைநாடுகளில் பொம்மை ரயில் விட்டு விளையாடும் பெரியவர்கள் தண்டவாளத்துக்குப் பின்னால் மலையும் ஊரும் செய்து வைப்பதும் இதே விதியின்படிதான். எங்கள் இயற்பியல் துறைக் கண்காட்சியில் ஓடிய சிறு ரயிலுக்குப் பின்னால் கொல்லிமலையை எழுதியபோது, கட்டியது எங்கே முடிகிறது, எழுதியது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இணைப்பதே வேலையில் பாதி என்பதைக் கண்டுகொண்டேன். அந்த இணைப்பில் ஒரு புதரையோ பாறையையோ நட்டு மறைப்பது எல்லோரும் அறிந்த உபாயம்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளைச் சுவரை வெள்ளையாகவே பூசினால் விளக்கொளியில் கண்ணைப் பறிக்கும். எனவே வெளிர்நீலமோ மஞ்சளோ பூசி, படத்தில் வெள்ளையாக்குவார்கள். ஆகவே கறுப்பு வெள்ளைக் காலத்துத் தளத்துக்குள் நுழைந்து அரண்மனையைப் பார்ப்பவனுக்கு அது நிறம் கெட்டதாகத் தோன்றும். எந்த நிறம் எந்தச் சாம்பலாக மாறும் என்பது பூசுகிறவனின் மனக்கணக்கு. அவன் பெயர் பெரும்பாலும் எழுத்துப் பட்டியலில் வராது.

1940இல் திரு. சுந்தரம் இயக்கிய 'உத்தம புத்திரன்' வெளிவந்தது. பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் தாங்கிய இப்படமே தமிழில் முதல் இரட்டை வேடப் படம். அக்காலத்தில் அத்தகைய காட்சியை எடுக்க, காமிராவின் பாதியை மறைத்து ஒருமுறையும், மறுபாதியை மறைத்து அதே பிலிமில் இன்னொருமுறையும் பதிவு செய்வார்கள். இரு முறைக்கும் இடையில் காமிராவோ பின்னணியோ இம்மியும் அசையக் கூடாது. காற்றில் ஒரு திரை மடிப்புக் கலைந்தாலும் அண்ணன் தம்பி நடுவே கோடு தெரிந்துவிடும். சின்னப்பாவின் நடிப்பைப் போற்றுவோர், அவருக்குப் பின்னால் அசையாமல் நின்ற சுவரையும் கொஞ்சம் போற்றலாம்.

1942இல் பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்தைத் தழுவி 'மனோன்மணி' எடுத்தார். படிப்பதற்கென்று எழுதப்பட்ட நாடகத்துக்கு மாளிகையும் அரண்மனையும் கட்டிப் பார்த்தவர் அவர். தமிழ் பயிலும் மாணவர்கள் இச்செய்தியைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆனால் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது 1945இல் வந்த 'பர்மா ராணி'தான். போர்க்காலத்தில் பிலிமுக்குக் கடும் பஞ்சம். படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு. போர் ஆதரவுப் படம் எடுக்குமாறு அரசின் நெருக்குதல் வேறு. ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவில் இந்திய விமானப் படையினர் மாட்டிக்கொள்ளும் கதையை சுந்தரம் எடுத்தார். கே. எல். வி. வசந்தா தலைப்புப் பாத்திரத்தில் நடித்தார். வில்லனான ஜப்பானியத் தளபதியாக முதலாளியே வேடம் கட்டினார். போர் நடக்கும் பர்மாவுக்குப் போய்ப் படம் எடுக்க இயலுமா? ஏற்காடு சாலையில்தான் பர்மா எழுந்தது.

இதில் என் நெஞ்சை உறுத்துவது ஒன்று உண்டு. 1942இல் பர்மா வீழ்ந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் வீடு வாசலை விட்டுக் காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். வழியில் மாண்டவர்கள் ஆயிரமாயிரம். படம் வெளியான கொட்டகைகளில் அவர்களில் சிலரும் உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா? புராணக் கைலாசத்தைத் தப்பாகக் கட்டினால் கேட்க ஆளில்லை. கைலாசம் போய் வந்தவர் எவருமில்லை. இரங்கூனில் பிழைத்தவர் முன்னால் பர்மாவைக் கட்டிக் காட்டுவது வேறு. அதற்குத் துணிந்த மனிதரை வியக்கிறேன். கதையின் அரசியலை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. அதே பர்மாவில் 1944, 1945இல் நேதாஜியின் படையில் தமிழ் இளைஞர்கள் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். சேலத்துப் பர்மாவில் அவர்களுக்கு இடமில்லை. பிலிம் வேண்டுமானால் சர்க்காரின் சொல்லைக் கேட்க வேண்டிய காலம் என்று சமாதானம் சொல்லலாம். சிலருக்கு அது போதும்.

விடுதலைக்குப் பின் நிறுவனம் இன்னும் ஓங்கியது. கலைஞர் மு. கருணாநிதி, கண்ணதாசன் முதலியோர் இங்கே பணியாற்றிய வரலாறு யாவரும் அறிந்தது, ஆகவே விரிக்கவில்லை. 1950இல் வந்த 'மந்திரி குமாரி' குண்டலகேசிக் கதையிலிருந்து பிறந்தது. அதை இயக்கிய அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் முடியுமுன்னே தாயகம் திரும்பிவிட, எஞ்சியதை சுந்தரமே முடித்தார். தேதி குறித்துவிட்டால் படம் அந்தத் தேதிக்கு வந்தாக வேண்டும் என்ற கண்டிப்பு அவருடையது. பெரிய நடிகர்களும் அந்த மதிலுக்குள் அடங்கி நடந்தார்கள் என்பர். இந்தக் கண்டிப்பு கலைக்கு நல்லதா என்று என் நண்பனொருவன் வாதிடுவதுண்டு. செட்டு வேலை தெரிந்தவன் என்ற முறையில் என் பதில்: தச்சனுக்கும் ஓவியனுக்கும் மாதம் தவறாமல் சம்பளம் கிடைக்கும் இடத்தில்தான் கைத்திறன் தங்கும். ஒரு படத்துக்கு மட்டும் கூலிக்கு வந்து போகிறவனிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

1956 பொங்கலுக்கு எம். ஜி. ஆர்., பானுமதி நடித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வெளிவந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். கேவா கலர். இதுவரை சாம்பலாகக் கணக்கிட்டு வந்த பூச்சுக்காரர்கள் இப்போது நிறத்தை நிறமாகவே நினைக்க வேண்டியதாயிற்று. விளக்கும் முன்னைவிட அதிகம் வேண்டும். அதிக வெளிச்சம் விழுந்தால் பொய்ப் பாறை பொய்யென்று காட்டிக்கொடுக்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரு குகை, அதற்குச் சொல்லுக்குத் திறக்கும் கதவு. அந்தக் கதவு பார்வைக்கு மலை போலக் கனக்க வேண்டும், இழுப்பதற்கு இலேசாக இருக்க வேண்டும். இன்று அப்படத்தைப் பார்த்தால் குகை செட்டு என்று தெரிகிறது. தெரிந்தாலும் குறையில்லை என்பேன். அரபுக் கதை கேட்கும் குழந்தை மனத்தில் வைத்திருக்கும் குகையும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும்.

1961இல் 'கண்டம் பெச்ச கோட்டு' என்னும் மலையாளத்தின் முதல் வண்ணப்படத்தையும் அவரே இயக்கினார். மலையாளத்துக்குப் பேச்சையும் வண்ணத்தையும் முதலில் கொடுத்த நிலையம் ஒன்றே.

1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் அவர் மறைந்தார். வயது 56. மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று நடத்தினார். நூறுக்கு மேற்பட்ட படங்களைத் தந்த நிறுவனத்தின் கடைசிப் படம் 1982இல் வந்தது. செட்டு என்பது படம் முடிந்ததும் பிரிக்கப்படுவது. சட்டத்தில் ஆணி பிடுங்கி அடுத்த படத்துக்குக் கொடுப்பார்கள். ஆகவே பர்மாவோ பாக்தாத்தோ ஒரு பலகையளவும் எஞ்சவில்லை. நிலையம் இருந்த இடத்தில் இப்போது வீடுகள் உள்ளன. முகப்பு வளைவு மட்டும் ஏற்காடு சாலையோரம் நிற்கிறது. மலையேறும் பேருந்தில் போகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.