ஈழம் காணாத யாத்திரிகர்

சீனத்துறவி யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டில் அரசாணையை மீறி இந்தியாவுக்குப் புறப்பட்டார். கோபிப் பாலையில் நீர்ப்பை கவிழ்ந்தது. நான்கு இரவும் ஐந்து பகலும் நாவறண்டு நடந்தார். தூர்பான் மன்னன் அவரைத் தன்னிடமே நிறுத்த முயன்றான். உண்ணாநோன்பிருந்து விடைபெற்றார். வழியிலுள்ள 24 நாடுகளுக்கும் அம்மன்னனே திருமுகங்கள் வழங்கினான். இனி ஒவ்வொரு நாடும் ஒரு தங்கிடமாயிற்று.

நாலந்தாவிற் பயின்றபின் தெற்கே காஞ்சிபுரம் சேர்ந்தார். அடுத்த கட்டம் ஈழம். ஆயின், அங்கு மன்னன் இறந்ததையும் பஞ்சமும் கலகமும் மிகுந்ததையும் ஈழத்துப் பிக்குகளே வந்து கூறக் கேட்டுத் திரும்பினார். நம் நாட்டைப்பற்றி அவர் எழுதியது கேள்வியறிவே; கண்கண்ட சான்றாக அதனைக் காட்டுவோர் இதனை எண்ணுவதில்லை. 645இல் 657 நூல்களுடன் அவர் சீனத் தலைநகரை அடைந்தார்.